அதிகாரத்தின் கடைசியில் வரும் அரசிகள்: சதாசிவப் பண்டாரத்தாரின் சோழர் வரலாற்றை வாசித்தல்

தி. வை. சதாசிவப் பண்டாரத்தாரின் 'பிற்காலச் சோழர் சரித்திர'த்தை வாசிப்பவர்களுக்கு அதன் ஒழுங்கு விரைவில் பழகிவிடும். அரசன் எப்போது பட்டம் பெற்றான், மெய்க்கீர்த்தி என்ன சொல்கிறது, யார்மேல் படையெடுத்தான், என்ன திருப்பணி செய்தான் என்று செய்திகள் வரிசையாக நகரும். போர்கள் முடிந்து, கோயில்கள் கட்டி முடிந்து, அரசன் இறக்கும் தறுவாய்க்கு வரும்போதுதான் பெரும்பாலும் அவனுடைய மனைவியரும் மக்களும் வருவார்கள். சிலருக்கு ஒரு பத்தி. சிலருக்கு ஒரு பெயர் மட்டும். கல்வெட்டில் பெயர் இருந்ததால் புத்தகத்திலும் இருக்கிறது.

அந்தக் கடைசிப் பத்திகளை முன்னால் வைத்து அந்த வரலாற்றைத் திரும்ப வாசிப்பதே இந்தக் கட்டுரையின் வேலை. பண்டாரத்தாரைக் குற்றக்கூண்டில் ஏற்றுவது நோக்கமல்ல. அவர் அந்தப் பெயர்களை எழுதி வைத்திருக்காவிட்டால், தமிழ் மட்டுமே படித்த பெண்களுக்கு அவை வந்து சேர்ந்திருக்காது. ஆனால் ஒருவர் எழுதி வைத்த இடமும் ஒரு செய்திதான். வரலாற்றின் நடுக்கூடத்தில் யாரை உட்கார வைத்தார்கள், கொல்லைப்பக்கம் யாரை நிற்க வைத்தார்கள் என்று கேட்க நமக்கு உரிமை இருக்கிறது.

பண்டாரத்தார் 1892இல் கும்பகோணத்தை அடுத்த திருப்புறம்பயத்தில் பிறந்தவர். ஒன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பாண்டியர் ஒருபுறமும், பல்லவரும் கங்கரும் சோழரும் மறுபுறமும் மோதிய போர்க்களம் அந்த ஊர். சோழர் தலையெடுக்க வழி திறந்த போர் அது. கும்பகோணம் பாணாதுறை உயர்நிலைப் பள்ளியில் 1917 முதல் 1942 வரை தமிழாசிரியராக இருந்தார். அதன்பின் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் ஆராய்ச்சித் துறைக்குப் போனார். 1960இல் மறைந்தார். நீலகண்ட சாஸ்திரியின் சோழர் வரலாறு 1935இலும் 1937இலும் சென்னைப் பல்கலைக்கழக வெளியீடாக ஆங்கிலத்தில் வந்தது. பண்டாரத்தார் அதே அரசகுலத்தின் வரலாற்றைத் தமிழில் எழுதினார். மூன்று பகுதிகளில் முதலிரண்டும் 1949லும் 1951லும் வந்தன. மூன்றாவது 1961இல், அவர் இறந்தபின் வந்தது.

சீர்காழியிலிருந்து பார்த்தால் அவருடைய பிற்கால உழைப்பின் எல்லைகள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. வடக்கே கொள்ளிடத்தைத் தாண்டினால் அவர் வேலை பார்த்த பல்கலைக்கழகம். கிழக்கே கடற்கரையில், 1959இல் அவர் தனிநூல் எழுதிய காவிரிப்பூம்பட்டினம். தெற்கே நாகப்பட்டினம் பக்கம், அதே ஆண்டில் தலவரலாறு எழுதிய செம்பியன் மாதேவி. இந்தக் கடைசி ஊருக்கு இறுதியில் வருகிறேன். அதற்கு முன் அவருடைய முதல் நூலைப் பார்க்க வேண்டும்.

அவர் 1930இல் வெளியிட்டது 'முதற் குலோத்துங்க சோழன்'. சோழர் வரலாற்றில் தந்தை மகன் என்று நேர்க்கோட்டில் ஓடிய கொடிவழி அறுந்த இடத்தில் நிற்பவன் இந்த அரசன். 1070இல் அதிராசேந்திரன் இறந்ததும் சோழ அரியணையில் அமர்ந்தவன், தந்தை வழியில் சோழனே அல்ல. அவன் தந்தை வேங்கியை ஆண்ட கீழைச் சாளுக்கிய அரசன் இராசராச நரேந்திரன். தாய் அம்மங்கதேவி, முதல் இராசேந்திரனின் மகள். இராசராச நரேந்திரனும் சோழ குலத்துப் பெண்ணின் பிள்ளைதான். அவன் தாய் குந்தவை, முதல் இராசராசனின் மகள்.

இந்த உறவை அரசியல் உடன்படிக்கையாக மட்டும் பார்க்காமல், நம் வீட்டு முறையில் சொல்லிப் பார்க்கலாம். குந்தவை வேங்கிக்கு வாழ்க்கைப்பட்டுப் போனாள். அவள் மகன் தன் மாமன் மகளைக் கட்டினான். அவர்களுக்குப் பிறந்தவனும் தன் மாமன் மகளைக் கட்டினான். இரண்டாம் இராசேந்திரனின் மகள் மதுராந்தகி அவள். பேரனுக்குத் தாய்வழிப் பாட்டன் பெயர் வைப்பதும் நடந்தது. இராசராசனின் மகள் பெற்ற பிள்ளை இராசராசன். இராசேந்திரனின் மகள் பெற்ற பிள்ளைக்கு இளமைப் பெயர் இராசேந்திரன். அவன்தான் பின்னால் குலோத்துங்கன் ஆனான். அறுபது ஆண்டுகளுக்கு மேல், மூன்று தலைமுறையாக, தாய்வீட்டுக்கும் புகுந்த வீட்டுக்கும் இடையில் பெண்கள் போய்வந்த வழியில்தான் சோழ அரசுரிமை வேங்கிக்குப் போய்த் திரும்பி வந்தது.

1070க்குப் பிறகு ஆண்ட சோழர் அனைவரும் அம்மங்கதேவியின் வயிற்று வழியில் வந்தவர்கள். ஆனாலும் வரலாற்று நூல்கள் அவர்களைச் சோழர் என்றே தொடர்ந்து எண்ணுகின்றன. அந்த அரசர்களும் தங்களைச் சோழர் என்றே சொல்லிக்கொண்டார்கள். எனவே அப்படி அழைப்பதில் தவறில்லை. தவறு வேறிடத்தில் இருக்கிறது. மகள் வழியில் வம்சம் தொடரலாம் என்று அந்தக் காலத்து அரசகுலமே ஏற்றுக்கொண்டிருக்க, குலம் என்றால் தகப்பன் வழி மட்டும்தான் என்ற கணக்கில் நாம் மரபுக் கொடி வரைந்துகொண்டிருக்கிறோம். குலோத்துங்கன் அரியணை ஏறியது உரிமையாலா, சூழ்ச்சியாலா என்று ஆய்வாளர்கள் நெடுங்காலம் வாதிட்டார்கள். அந்த வாதம் முழுவதும் அவன் தாயின் மேல்தான் நிற்கிறது. அவளைப் பற்றியோ அதில் பேச்சு மிகக் குறைவு.

பெயர்க் குழப்பமும் இங்கே ஒரு தடயம். சோழ குலத்தில் குந்தவை ஒருத்தி அல்ல. இராசராசனின் தமக்கை குந்தவை. வேங்கிக்குப் போன மகள் குந்தவை. குலோத்துங்கனின் தங்கையும் குந்தவைதான்; 1114இல் சிதம்பரம் கோயிலுக்குக் கொடை கொடுத்த செய்தி கல்லில் இருக்கிறது. அத்தை பெயர் மருமகளுக்கும் பாட்டி பெயர் பேத்திக்கும் இறங்கி வந்திருக்கிறது. அரசர்களை முதலாம், இரண்டாம், மூன்றாம் என்று எண்ணிட்டுப் பிரித்தோம். அரசிகளை இன்னாருடைய தமக்கை, இன்னாருடைய மகள் என்றுதான் பிரிக்கிறோம். இன்று பலருக்கும் குந்தவை என்றால் கல்கியின் நாவல் வழியே வந்த ஒருத்தியை மட்டுமே தெரியும்.

அந்த மூத்த குந்தவையை நாவலை விட்டு வெளியே எடுத்துக் கல்லில் பார்த்தால், வேறொரு ஆள் தெரிகிறாள். தஞ்சைப் பெரிய கோயிலின் விமானத்தில் இராசராசன் ஆணை ஒன்று பொறிக்கப்பட்டிருக்கிறது. நாம் கொடுத்ததையும், நம் அக்கன் கொடுத்ததையும், நம் பெண்டுகள் கொடுத்ததையும், மற்றவர்கள் கொடுத்ததையும் கல்லில் வெட்டுக என்பது அதன் பொருள். அரசனுக்கு அடுத்த இடத்தில் நிற்பது அக்காள். மனைவியருக்கு அவளுக்குப் பின்னால்தான் இடம். அவள் கொடுத்த செப்புத் திருமேனிகளும் நகைகளும் எடையோடு எழுதப்பட்டிருக்கின்றன. அவள் வைத்த காசை ஊர்ச் சபைகள் வட்டிக்கு வாங்கி, காசுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு, அதாவது நூற்றுக்குப் பன்னிரண்டரை வீதம், கோயிலுக்குச் செலுத்த வேண்டும் என்ற ஏற்பாடும் இருக்கிறது. அவள் பக்தியுள்ள இளவரசி மட்டுமல்ல. பொன்னும் காசும் தன் பெயரில் வைத்திருந்தவள். சபைகளோடு கணக்கு வைத்துக்கொண்டவள். இன்றைய விழுப்புரம் பக்கத்துத் தாதாபுரத்தில் சிவனுக்கும் திருமாலுக்கும் சமணருக்கும் கோயில் எடுப்பித்தவளும் அவளே.

கல்வெட்டு என்பது கொடுத்தவர்களின் ஆவணம் என்பதையும் இங்கே மறந்துவிடக் கூடாது. ஒரு நந்தா விளக்குக்குத் தொண்ணூற்றாறு ஆடு வேண்டும். நிலமோ ஆடோ பொன்னோ கையில் இல்லாத பெண்ணுக்குக் கல்லில் இடம் இல்லை. ஆகவே சோழ அரசிகள் அவ்வளவு பேர் பெயர் தெரிய வருவதை வைத்து, சோழர் காலத்தில் பெண்கள் எல்லாம் உயர்ந்திருந்தார்கள் என்று மேடையில் முழங்குவது சரியாகாது. அரசகுலத்துப் பெண்களுக்குச் சொத்து இருந்தது, அதைக் கொடுக்கும் உரிமை இருந்தது என்பது மட்டுமே உறுதி. அந்த உரிமையும் எவ்வளவு தூரம் அவர்களைக் காத்தது?

இரண்டு மரணங்கள் இதற்கு விடை சொல்கின்றன. குந்தவைக்கும் இராசராசனுக்கும் தாயான வானவன் மாதேவி, கணவன் சுந்தர சோழன் இறந்ததும் உடன்கட்டை ஏறினாள். பால்குடி மாறாத குழந்தையை விட்டுவிட்டுப் போனாள் என்று திருக்கோவலூர்க் கல்வெட்டு அதைப் புகழ்ந்து சொல்கிறது. திருவாலங்காட்டுச் செப்பேடும் சொல்கிறது. அந்தத் தாயின் படிமத்தைத் தகப்பனின் படிமத்தோடு பெரிய கோயிலில் எடுப்பித்தவள் மகள் குந்தவை. இன்னொரு மரணம், முதல் இராசேந்திரனின் தேவியான வீரமாதேவியுடையது. 1044இல் அரசன் இறந்தபோது அவளும் தீயில் இறங்கினாள். அவள் தாகம் தீரட்டும் என்று அவளுடைய உடன்பிறந்தவன் தண்ணீருக்கு அறம் வைத்ததைப் பிரமதேசத்துக் கல்வெட்டு சொல்கிறது.

அரசகுல வரலாறு இந்தச் சாவுகளை வழக்கமாகக் கற்பின் கணக்கில் எழுதிவிட்டு அடுத்த அரசனுக்குப் போய்விடும். ஆனால் அந்தக் கல்லே வேறொன்றையும் சேர்த்து வைத்திருக்கிறது. எரிந்து போன அக்காளோ தங்கையோ, அவளுக்குத் தாகமெடுக்கும் என்று ஒரு அண்ணனுக்கோ தம்பிக்கோ தோன்றியிருக்கிறது. புகழ்ச்சிக்கு நடுவே இருக்கும் அந்தத் தவிப்பு, கடைசிப் பத்தியில் ஒரு வரியாக நின்றால் நம் கண்ணில் படாது. நிறுத்திப் படித்தால் படும்.

மனைவியரும் மக்களும் என்ற பகுதிக்குள் அடங்காத பெண்களும் இருக்கிறார்கள். திருவாரூர்க் கல்வெட்டுகளில் வரும் பரவை நங்கை அரசனின் அனுக்கி. அவளுக்குப் பட்டத்தரசி என்ற பெயர் இல்லை. ஆனால் அவள் கொடுத்த பொன் தியாகராசர் கோயிலில் வேயப்பட்டது. அரசனும் அவளும் சேர்ந்து நின்று இறைவனைக் கண்ட இடத்தில் ஒரு விளக்கு வைக்கப்பட்டது. கோயிலுக்கு அவளை ஊரறிய அரசனோடு நிறுத்தத் தயக்கமில்லை. அரசகுலத்தைக் கொடிவழியாக வரையும் நமக்குத்தான் அவளை எந்தக் கிளையில் எழுதுவதென்று தெரியவில்லை.

அவளுக்கும் கீழே வேளம் இருக்கிறது. அரண்மனைப் பணிப்பெண்கள் வாழ்ந்த குடியிருப்புக்கு அந்தப் பெயர். போரில் பிடித்துவரப்பட்ட பெண்களும் அங்கே சேர்க்கப்பட்டார்கள். பகை நாட்டுப் பெண்டிரைக் கவர்ந்து வந்ததை மெய்க்கீர்த்திகள் வெற்றிப் பட்டியலில் யானைகளோடும் பொற்குவியலோடும் சேர்த்தே சொல்லும். அரசகுடும்பம் என்று ஒன்று நடக்க, சோறாக்கவும் நீராட்டவும் விளக்கேற்றவும் பிள்ளை தூக்கவும் இந்தப் பெண்கள் வேண்டியிருந்தார்கள். அவர்களில் சிலர் தங்கள் கையிருப்பிலிருந்து கோயிலுக்கு விளக்கு வைத்து, வேளத்துப் பெண்டாட்டி என்ற அடையாளத்தோடு கல்லில் ஏறியிருக்கிறார்கள். தஞ்சைப் பெரிய கோயிலுக்கு மற்றக் கோயில்களிலிருந்து கொண்டுவரப்பட்ட நானூறு தளிச்சேரிப் பெண்டுகளும், எந்தத் தெருவில் எந்த வீடு, முன்பு எந்தக் கோயில் என்ற விவரத்தோடு, ஒவ்வொருவராகப் பெயர் எழுதப்பட்டிருக்கிறார்கள். ஆளுக்கு ஒரு பங்கு, ஆண்டுக்கு நூறு கலம் நெல். அது சிறப்பா, கட்டுப்பாடா என்று நாம் விவாதிக்கலாம். அழைத்துக்கொண்டு வந்தார்கள் என்பதில் அவர்களின் விருப்பம் கேட்கப்பட்டதா என்று மட்டும் கல் சொல்லவில்லை.

இதே தஞ்சையில் அரசகுல வரலாற்றைப் பெண் ஒருத்தியே எழுதியதும் உண்டு. பதினேழாம் நூற்றாண்டில் இரகுநாத நாயக்கரின் அவையில் இருந்த இராமபத்ராம்பா, அவரைத் தலைவனாக வைத்து 'இரகுநாதாப்யுதயம்' என்ற காவியத்தை வடமொழியில் பாடினாள். சென்னைப் பல்கலைக்கழகம் அதை 1934இல் பதிப்பித்தது. நீலகண்ட சாஸ்திரியின் முதல் தொகுதியை அதே பல்கலைக்கழகம் வெளியிட்டது அடுத்த ஆண்டில்தான். அவள் அரசனைப் புகழ்வதற்காகவே எழுதினாள், ஐயமில்லை. ஆனால் அவையில் இருந்த கல்வி கற்ற பெண்களையும் தன் காவியத்துக்குள் கொண்டுவந்தாள். எழுதுகிறவர் பெண்ணாக இருந்தால் எல்லாம் மாறிவிடும் என்று நான் சொல்லவில்லை. அரசவையில் யார் யார் இருந்தார்கள் என்பது எழுதுகிறவர் எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்பதைப் பொறுத்தது என்று மட்டும் சொல்கிறேன்.

பண்டாரத்தாருக்குப் பின் வந்தவர்கள் கடைசிப் பத்தியை முன்னுக்கு நகர்த்தினார்கள். பா. வெங்கடராமன் 1976இல் சோழ அரசிகளின் கோயிற்கலையைத் தனி நூலாக்கினார். 1983இல் ஜார்ஜ் ஸ்பென்சர் அரசிகளின் கொடைகளை அரசியலாகப் பார்த்தார். லெஸ்லி ஓர் 2000இல் வெளியிட்ட நூலில் கோயிற் பெண்களின் கல்வெட்டுகளைத் திரட்டி எண்ணிப் பார்த்தார். வேளத்துப் பெண்களின் அடிமைநிலையைத் தாவூத் அலி எழுதினார். இவை எல்லாம் ஆங்கிலத்தில் இருக்கின்றன. சீர்காழியில் தமிழ்வழியில் படிக்கும் ஒரு பெண்ணின் கைக்கு முதலில் வருவது இன்றும் பண்டாரத்தார்தான். அவரைச் சரியாக வாசிக்கக் கற்றுக்கொள்வது இந்தக் காரணத்தால் முக்கியமாகிறது.

இனி, அவருடைய கடைசிக் காலத்து ஊருக்கு வரலாம். செம்பியன் மாதேவி மழவரையர் குடியில் பிறந்தவள். கண்டராதித்தனின் தேவி. 957 அளவில் கணவன் இறந்தபோது அவள் மகன் உத்தமன் சிறு பிள்ளை. அவள் உடன்கட்டை ஏறவில்லை. கைம்பெண்ணாக நாற்பது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தாள். ஆட்சிகள் மாறின. மகன் அரியணை ஏறினான், இறந்தான். இராசராசன் காலத்திலும் அவள் கொடுத்துக்கொண்டுதான் இருந்தாள். கோனேரிராசபுரம், ஆடுதுறை, விருத்தாசலம், திருக்கோடிக்கா என்று பழைய கோயில்களைக் கற்றளிகளாக்கினாள். கோனேரிராசபுரத்துக் கோயிலைக் கணவன் பெயரால் எடுப்பித்து, அவன் இலிங்கத்தை வழிபடும் உருவத்தையும் செதுக்க வைத்தாள். நம் காலத்தில் கைம்பெண்ணை விசேஷ வீட்டின் வாசலில் நிற்க விடாத ஊர்களில்தான் அந்தக் கோயில்கள் நிற்கின்றன.

திருக்கோடிக்காவில் அவள் செய்த ஒரு காரியம் வரலாற்றாசிரியர்கள் அவளுக்குக் கடன்பட வேண்டியது. பழைய கோயிலைப் பிரித்துக் கல்லால் கட்டும்போது, முன்னோர் காலத்துக் கல்வெட்டுகள் இருந்த கற்கள் கிடந்தன. அந்த வாசகங்களைப் படியெடுத்துப் புதிய சுவரில் வெட்டச் செய்தாள். இதுவும் ஒரு பழங்கற்படி என்ற குறிப்போடு அவை அங்கே இருக்கின்றன. படியெடுத்தபின் பழைய கற்கள் வேண்டாமென்று விடப்பட்டன. அவள் பாதுகாத்தது அரசர்களின், கொடையாளர்களின் சொல்லை. பாதுகாக்கப்பட்டது போக, எது கல்லில் ஏறவே இல்லையோ அதற்குப் படியும் இல்லை.

பண்டாரத்தார் செய்ததும் இந்த வேலைதான். கோயில் கோயிலாக இருந்ததைப் படியெடுத்துத் தமிழ்ப் புத்தகத்தில் ஏற்றினார். அரசனுக்கு இவ்வளவு, அரசிக்கு இவ்வளவு என்று ஒதுக்கினார். ஆனால் 1959இல், வாழ்நாளின் கடைசி ஆண்டில், அவர் தலவரலாறு எழுதிய ஊர் ஒரு அரசியின் பெயரைக் கொண்டது. அங்கே உத்தம சோழனின் தேவியர் பலர் தங்கள் மாமியாரின் பிறந்தநாளான சித்திரைக் கேட்டையன்று உணவளிக்கக் கொடை வைத்தார்கள். 1019இல் அவளுடைய படிமத்தைக் கோயிலில் வைத்து வழிபட ஏற்பாடு நடந்தது. அந்த ஊரின் வரலாற்றை எழுத வருகிறவர் யாராக இருந்தாலும் ஒரு கைம்பெண்ணில் தொடங்கி அவள் மருமகள்களுக்குப் போகத்தான் வேண்டும். அங்கே அரசர்கள் அவளுடைய கணவனாக, மகனாக, பேரனாக வருவார்கள்.

மகள்வழியில் வந்த அரசனில் தொடங்கிய எழுத்து, ஒரு அரசியின் ஊரில் வந்து நின்றது. அவர் திட்டமிட்டுச் செய்தார் என்று சொல்ல மாட்டேன். கல் இருந்த இடத்துக்கு நேர்மையாக நடந்து போனதால் அங்கே போய்ச் சேர்ந்தார். அந்த நேர்மையை எடுத்துக்கொள்வோம். அவருடைய படியிலிருந்து நாம் இன்னொரு படி எடுக்க வேண்டியிருக்கிறது. அதில் அம்மங்கதேவிக்கு முதல் அதிகாரம் வேண்டும், பரவைக்கு ஒரு கிளை வேண்டும், வேளத்துப் பெண்டாட்டிக்கு அவள் வைத்த விளக்கோடு ஒரு பக்கம் வேண்டும். பழைய கல்லை மட்டும் இந்த முறை தூக்கிப் போட வேண்டாம்.